மருந்துதான் பேசுது

என் நாத்தனாருக்கு வாய் நீளம். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே, "அண்ணி, எங்க அண்ணன் குறட்டை விடும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் சொல்லலைன்னு குறை சொல்லக் கூடாது" என்றாள். அவள் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆள் சிறிசு, பேச்சு ஓயாது, அதனால் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். வேலை பார்க்கிற இடத்திலும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்த விரிப்பை இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் நின்று சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் சுருக்கமில்லாமல் வாங்கி மடிப்பார்கள். குருவி கொடுக்கிற பக்கம். அவளுக்கு ஜோடி ரேடியோ அக்கா. காலையில் வேலை தொடங்கினால் சாயங்காலம் வரை பாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இவள் பேச, அவள் பாட, அந்த மெஷின் போடுகிற சத்தத்தைவிட இவர்கள் சத்தம்தான் அதிகம் என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொள்வாராம்.

நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி திருத்தித் தருகிறவள். நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, இப்படி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வாரக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டார். ஆகவே மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் உள்ள அந்த வீட்டில் பெரும்பாலும் நானும் குருவியும்தான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணி, இந்த ஊர்ல யார் யார் என்ன பாவம் பண்றாங்கன்னு எனக்கு அத்துப்படி" என்றாள்.

"எப்படிடி?"

"அதான் பெட்ஷீட்ல இருக்கே."

எனக்குச் சோறு புரையேறிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். சில நாள் கழித்து அதையே மறுபடி சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பேச்சு குறைந்தது. தூக்கம் போனது. வேலை விட்டு நேராகப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனாள். டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. மரப் பெஞ்சுகள், இரைகிற ஒரு மின்விசிறி, முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. வாரக் கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போவோம். இவள் தினமும் போனாள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கால் கடுக்க நின்றாள். கூடத்தை நடத்துகிற பெரியவரை எல்லோரும் ஐயா என்போம். நல்ல மனிதர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வந்து நிற்பவர். "இந்தப் பிள்ளையைப் பாருங்க, பக்தின்னா இது" என்று அவர் கூட்டத்தில் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் போனில் இதைச் சொன்னபோது, "நல்லதுதானே, வாயாவது குறைஞ்சுதே" என்றார்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். முதலில் செத்துப்போன அம்மாவின் குரலில் யாரோ கூப்பிட்டார்களாம். பிறகு அந்தக் குரல் பெரிதானது. மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் காதுக்குள் பேசுகிற மாதிரி தெளிவாகக் கேட்டது. உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்றது. ஊர்ப் பாவத்தையெல்லாம் அவள்தான் வெளுக்க வேண்டுமாம். அதற்குத் தண்ணீர் போதாதாம். அம்மா சாகக் கிடந்தபோது இவளுடைய இடது கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். தனக்குத் தாகமாக இருக்கிறதென்று இவள் ஒரு நிமிஷம் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போயிருந்தாள். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. அந்தக் கை எனக்குச் சேர வேண்டியது என்று குரல் கேட்க ஆரம்பித்தது.

கேட்டது. அவளும் கொடுத்துவிட்டாள். பட்டப்பகலில், சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். நான் அதைப் பார்க்கவில்லை. ரேடியோ அக்கா பார்த்தாள். அவள் சொன்னதை முழுசாகச் சொல்ல எனக்கு மனசில்லை. கை உருளைக்குள் தவறிப் போகவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ரேடியோ அக்கா பாய்ந்து மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அடித்திராவிட்டால் முழங்கை வரை போயிருக்கும். இரண்டு விரல் போனது. மீதியை டாக்டர்கள் எப்படியோ ஒட்டவைத்துக் காப்பாற்றினார்கள். குருவி அழவில்லையாம். "முடிஞ்சிடுச்சு, இனிமே எல்லாரும் வெள்ளை" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாளாம்.

கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவளைப் பார்க்க மனநல டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கட்டிலோரமாக உட்கார்ந்து, ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி விசாரிக்கிற மாதிரி, "அந்தக் குரல் இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும், "என்ன டாக்டர், நீங்களே அப்படிக் கேட்டா அவ அது நிஜம்னுதானே நினைப்பா?" என்றேன்.

"அவங்களுக்கு அது நிஜம்தாம்மா. நம்ம ரெண்டு பேர் பேசறது காதுல விழுதில்லையா, அவங்களுக்கும் அப்படித்தான் விழுது. இல்லவே இல்லைன்னு சண்டை போடாதீங்க. ஆமா இருக்குன்னு ஒத்து ஊதவும் வேணாம். பயமா இருக்கான்னு கேளுங்க. கையை என்ன பண்ணச் சொல்லுதுன்னு கேளுங்க."

"கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. கேட்டா ஒரு ஆளாவது தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு இருக்கும். இத்தனை நாளும் அவங்க தனியா இல்ல இதைச் சுமந்திருக்காங்க?"

பாதி வழியில் லாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். டாக்டரம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. "என் தங்கச்சிக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"மூளைக்கு வர்ற வியாதி சார். சைக்கோசிஸ்னு சொல்வோம். மருந்து இருக்கு."

"சாமி கும்பிட்டது தப்புங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே. கடவுள் பேரையே சொல்லாதவங்களுக்கும் இது வருது. போலீஸ் துரத்துறதா நினைப்பாங்க, டிவியில தன்னைப் பத்திப் பேசறதா நினைப்பாங்க. உங்க தங்கச்சிக்கு எது மேல உயிரோ, அதோட வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்கு."

அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் சில வாரங்கள் கொடுமை. ஒரு மாத்திரை அவளைத் தூங்கியே கிடக்க வைத்தது. இன்னொன்று உட்காரவிடாமல் நடக்க வைத்தது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள், அதுவும் ஒரு சோதனையாம். நான் டாக்டரம்மா சொன்னபடி கேட்டேன், "பயமா இருக்காடி?" என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஆமா அண்ணி. அது சந்தோஷமா இருக்குன்னு நினைச்சேன், ஆனா பயமாத்தான் இருக்கு." அன்றுதான் அவள் முதன்முறையாக அழுதாள். மருந்தை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஒரு காலையில் நர்ஸிடம், "சிஸ்டர், இந்தக் கஞ்சியக் குடிச்சா சொர்க்கம் போகலாமா, இல்ல கழிப்பறைக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள். நர்ஸ் சிரித்தாள். நான் வெளியே ஓடிப் போய்ச் சுவரோடு நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தேன். என் குருவி திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு தொல்லை தொடங்கியது. ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக் கண்ணீர் விட்டுப் போயிருந்தார். போனவர் கூட்டத்தில், நம் பிள்ளை ஒருத்தி நமக்காகத் தன் கையையே காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லியிருந்தார். பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை, அவர் அதை நம்பினார். ஆட்கள் மூன்று மாடி ஏறி வரத் தொடங்கினார்கள். முதலில் பழம், பிஸ்கட். பிறகு வேண்டுதல். பரீட்சை, வேலை, மூட்டு வலி. கட்டுப் போட்ட கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்ததைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர், "ஏதாவது தள்ளுபடி விற்பனையா?" என்று கேட்டார்.

நான் கதவைச் சாத்தப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விடவில்லை. "ஊர் மரியாதையாப் பேசுதுல்ல, விடேன். பைத்தியம்னு பேசறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"அப்ப அவ மாத்திரை?"

"அது பாட்டுக்கு அது. யாருக்கும் சொல்ல வேணாம்."

குருவிக்கும் அதில் ஒரு ருசி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருநாள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "அண்ணி, ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்களே, அவங்களைப் பாக்க ஒரு ஈ காக்கா வரல. எனக்கும் அதே வியாதிதான். மகான்னு சொன்னதும் வரிசையில நிக்கிறாங்க. எனக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"அந்தக் குரல் என்னடி சொல்லுது?"

"அது ரொம்பத் தூரத்துல இருக்கு. ஆனா இவங்க வந்து கையைத் தொடும்போதெல்லாம், பாத்தியா நான் சொன்னேன்லன்னு கிட்ட வருது."

டாக்டரம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பூட்டுக்கடைக்காரரின் மனைவி வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வலிப்பு வருகிற குழந்தை என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். குழந்தையைக் குருவியின் மடியில் கிடத்திவிட்டு, "உங்க கையை ஒரு தடவை தலையில வைங்கம்மா" என்றாள்.

குருவி தூக்கிய கையை அப்படியே நிறுத்தினாள். "மாத்திரை குடுக்கறீங்களா?"

"நிறுத்திட்டோம்மா. உங்களையே நம்பிட்டோம். சந்தேகத்தோட வந்தா பலிக்காதுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார்."

"எப்ப நிறுத்துனீங்க?"

"முந்தாநாள்."

குருவியின் முகம் மாறியது. நோய் வருவதற்கு முன், யாராவது வரிசையை முந்திக்கொண்டு பஸ் ஏறினால் அவளுக்கு வருமே, அந்தப் பழைய கோபம். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அண்ணி, செருப்பைப் போடுங்க. இவங்களைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போறோம்."

"அம்மா, நீங்க தொட்டாலே..."

"நான் தொட்டேன், இதோ தோள்ல போட்டிருக்கேனே, இதுக்கு மேலயா தொடறது? நடங்க!"

தெரு நெடுக அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் திட்டி, மாத்திரையை மறுபடி தொடங்கி, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் போனது ரெண்டு விரல் அண்ணி. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா? நான் மகானா உக்காந்து பழம் தின்னுட்டு இருந்திருப்பேன்."

அந்த வாரக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றாள். வேண்டாம் என்றார் அவள் அண்ணன். எதுக்கு என்று கேட்டேன் நான். "பேசறதுக்கு. எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள்.

கூடம் நிரம்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. ஐயா மலர்ந்த முகத்தோடு அவளை மேடைக்குக் கூப்பிட்டு, அனுபவத்தைச் சொல்லும்மா என்றார். ஏறி நின்றாள். அன்று காலையில்தான் கட்டைப் பிரித்திருந்தார்கள். கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள்.

"கும்பிடாதீங்க," என்றாள். "நல்லாப் பாத்துக்குங்க. இது காணிக்கை இல்ல. எனக்கு ஒரு வியாதி வந்துச்சு. இல்லாத குரல் கேட்டுச்சு. அது சொல்லி நானே பண்ணிக்கிட்டேன். கடவுள் கேக்கல. அவருக்கு என் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பின்னால் யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். ஐயா எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபமே இல்லை, பரிவுதான். "பெரிய காரியம் பண்ணின பிள்ளை. ஆஸ்பத்திரியில என்னென்னமோ குடுக்கறாங்க. இது இவ பேசறதில்ல. அந்த மருந்து பேசுது."

"ஆமா ஐயா," என்றாள் குருவி. "மருந்துதான் பேசுது. போன தடவை வியாதி பேசுச்சு, நீங்க எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக்கிட்டீங்க. இந்தத் தடவை மருந்து பேசுது. கொஞ்சம் கேட்டுக்குங்க."

ஐயா திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"நான் நிக்க முடியாம நின்னப்ப, தூங்கி எத்தனை நாளாச்சுன்னு ஒருத்தர் கேக்கல. பக்தின்னு சொன்னீங்க. உங்க வீட்ல யாராவது தூங்காம, திங்காம, எனக்குக் குரல் கேக்குதுன்னு சொன்னா மேடையில ஏத்தாதீங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல உக்காந்து கும்பிடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டுக் கும்பிடுங்க. யாராவது என்னைத் தொட வந்து மாத்திரையை நிறுத்தினீங்கன்னு கேள்விப்பட்டேன், நேரா வீட்டுக்கே வந்து சத்தம் போடுவேன். என் வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை?" என்று ஒரு ஆண்குரல் பின்னாலிருந்து வந்தது. "நம்பிக்கை இல்லாதவ வெளிய போகலாமே!"

"யார் சொன்னா நம்பிக்கை இல்லைன்னு? என் கையைக் கேட்டது அவர் இல்லைன்னு சொல்றேன் பாருங்க, அதுதான் நம்பிக்கை. நான் எங்கயும் போகமாட்டேன். அடுத்த வாரமும் வருவேன். இதே பெஞ்சு. பிடிக்காதவங்க தள்ளி உக்காருங்க."

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். கூட்டம் முடிந்தபோது எங்களைச் சுற்றி நாலைந்து பெஞ்சு காலியாக இருந்தது. அவள் கண் மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஐயா மேடையிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னை நிறுத்தி, "ராத்திரி தூங்குறாளா?" என்று மட்டும் கேட்டார். சிலர் கடைசி வரை எங்களோடு பேசவே இல்லை. பேசாவிட்டால் போகிறார்கள்.

என் வீட்டுக்காரர்தான் நொந்துபோனார். "ஊரே ஒரு பேர் குடுத்துச்சு, அதைப் போய்ப் போட்டு உடைச்சுட்டாளே" என்றார். ஒரு வாரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு சேதியையும் நான்தான் இவரிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து இவருக்கும் தூது கொண்டு போனேன்.

அடுத்து வேலை. கை ஆறியதும் சலவைக் கூடத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். சூப்பர்வைசர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், ஆனால் வேலை இல்லை என்றார். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன்னை உள்ள விட்டா மத்த பொண்ணுங்களுக்குப் பயம்."

"யாருக்குப் பயம்? வரச் சொல்லுங்க, கேப்போம்."

யார் பெயரையும் அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குள் சேதி உள்ளே போய், ரேடியோ அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "எனக்கு இவளைப் பாத்துப் பயமில்ல சார். உங்க உருளையைப் பாத்துத்தான் பயம். அதுக்கு முன்னால ஒரு கம்பி மறைப்பு போடச் சொல்லி எத்தனை தடவை கேட்டாச்சு?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றாள் குருவி. "உருளைப் பக்கம் என்னைக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். துண்டு மடிக்கிற மேசையில போடுங்க. அதுக்கு எட்டு விரல் தாராளம்."

முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரோ என்னமோ, பதில் வரவில்லை. குருவி தினமும் வேலை தொடங்கும் நேரத்துக்குப் போய், வாசல் கேட்டுக்கு உள்ளே இருக்கிற பெஞ்சில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்தாள். வருகிற போகிற லாரிக்காரர்கள், ஓட்டல்காரர்கள், எல்லோரும் விசாரித்தார்கள். எல்லோருக்கும் விவரமாகச் சொன்னாள். என்ன வியாதி, என்ன மருந்து, எந்த மேசை வேண்டும் என்பது வரை. முதலாளி காரில் வரும்போதும் போகும்போதும் எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். கடைசியில் அந்த மனுஷன் கார்க் கண்ணாடியை இறக்கி, "உள்ள போய்த் தொலைம்மா" என்றார். மேசை கிடைத்தது. உருளைக்குக் கம்பி மறைப்பும் வந்தது. அதற்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வணக்கம் வைக்க வேண்டியிருந்தது.

இங்கேயே நிறுத்தினால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வியாதி அப்படி நிற்காது. ஒரு வருஷம் போல ஓடியது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மாத்திரை உடம்பைப் பெருக்க வைத்தது, நாக்கைத் தடிக்க வைத்தது. அவளுக்கு நாக்குதானே எல்லாம்! எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம். விடுமுறை என்று வீட்டில் இருந்தாள். நான் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து, "மெஷினை நிறுத்துங்க அண்ணி" என்றாள். நிறுத்தினேன். இரண்டு கையையும் என் முன்னால் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"வந்துடுச்சு. காலையிலேர்ந்து பேசுது. நான் மாத்திரையை நிறுத்திட்டேன். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க."

டாக்டரம்மா சொன்னபடி கேட்டேன், "என்ன சொல்லுது?"

"மிச்சத்தையும் கேக்குது. எனக்குக் குடுக்கணும்போலவும் இருக்கு, குடுக்கக் கூடாதுன்னும் இருக்கு. கையைப் பிடிச்சுக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பிடித்துக்கொண்டேன். வீட்டைப் பூட்டும்போதுகூட ஒரு கையால்தான் பூட்டினேன். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டோம். நல்ல கூட்டம். ஒரு பெரிய அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தார். குருவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அப்புறம் வாய்விட்டே சொன்னாள்: "முடியாது."

முன் சீட்டிலிருந்தவர் திரும்பினார்.

"முடியாதுன்னு சொல்றேன்ல? நீ யாரா வேணா இரு. அம்மா மாதிரி பேசினாலும் சரி, கடவுள் மாதிரி பேசினாலும் சரி. எங்க அம்மா என்கிட்ட விரல் கேக்கமாட்டா. தாகம்னா தண்ணி குடிச்சுட்டு வாடின்னுதான் சொல்லுவா. முடியாது!"

இளவட்டம் ஒன்று போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனது. நான் பார்த்த பார்வையில் போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்து, "எங்கம்மா போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு," என்றாள் குருவி, கண்ணைத் திறக்காமல். "மனநோய்ப் பிரிவு. வாசல்லயே நிறுத்துங்கண்ணா, கொஞ்சம் நடந்தாக்கூட அது என்னை ஜெயிச்சிடும்."

ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ் நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

உள்ளே சீட்டு எழுதுகிறவர் என்னைப் பார்த்து, "யாருக்கும்மா பாக்கணும்?" என்றார். குருவி முந்திக்கொண்டாள். "எனக்குத்தான். சீக்கிரம் எழுதுங்க சார், எனக்குள்ள ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்."

அந்தத் தடவை சீக்கிரமே தேறிவிட்டாள். கையில் ஒரு கீறல் இல்லை. நாக்குத் தடிக்காத வேறு மருந்து கொடுத்தார்கள், அது எல்லா விஷயத்திலும் உத்தமம் என்று சொல்ல முடியாது, ஆனால் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. இப்போது மாத்திரையை என் முன்னால் போட்டுக்கொள்கிறாள், நான் பார்க்காவிட்டால் கூப்பிட்டுக் காட்டுகிறாள். துண்டு மடிக்கிறாள். வாரக் கூட்டத்துக்குப் போகிறாள். குரல் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், "போகல, ஆனா முன்ன மாதிரி அதிகாரம் பண்ண முடியல" என்கிறாள்.

அப்போது ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அவளைச் சேர்த்த மறுநாள் அவள் அண்ணன் வந்தார். லாரியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, அழுக்குச் சட்டையோடு நேராக வார்டுக்குள் வந்து, அவள் கட்டிலில் உட்கார்ந்தார். அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் போனதற்கு அப்புறம் அந்தக் கையை அவர் நேராகப் பார்த்ததுகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கூட லாரி ஓட்டுகிறவர், சரக்கு எப்போது எடுப்பாய் என்று கேட்டார் போலிருக்கிறது.

"இன்னைக்கு வரல. ஆஸ்பத்திரியில இருக்கேன்... தங்கச்சிக்கு. இல்லப்பா, காய்ச்சல் இல்ல." ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "மனசு வியாதி. சைக்கோசிஸ்னு சொல்றாங்க. ஆமா. ஆமாய்யா, நீ நினைக்கிற அதேதான். அவளா வந்து சேந்திருக்கா, தெரியுமா? யாரும் இழுத்துட்டு வரல. அவளே வந்திருக்கா."

குருவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசு. கடைசிக் கட்டில்ல இருக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கல."